காலணியும் கல்லூரியும்

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலோடு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதே ஜில்லாவின் வடகிழக்கு மூலையில், செய்யாறு சிப்காட்டில், உலகத்து ஓட்டக்காரர்கள் அணியும் நைக் காலணி தயாராகிறது. விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. நேற்றுவரை நாற்று நட்ட கைகள், மணிலாக் கொல்லையில் களை பறித்த கைகள், இன்று பசை தடவுகின்றன, மேல்பாகம் தைக்கின்றன, அடிப்பாகம் ஒட்டுகின்றன. இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் இந்தக் காலணியின் ஜாதகம் எங்கே எழுதப்பட்டது என்று அறிந்தவர் சிலரே. தொழிற்சாலையில் அல்ல, ஒரு கல்லூரியில், வகுப்புப் பாடத்துக்காக ஒரு மாணவர் எழுதிக் கொடுத்த கட்டுரையில் அது எழுதப்பட்டது.

"பல்கலைக் கழகப் பண்டிதர்கள் கம்பெனி நிர்வாகம் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். செய்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஸ்பிண்டில் ஓட்டுகிறவருக்கும் அண்டை வெட்டுகிறவருக்கும் அது சம்பந்தமில்லாத விஷயமாகத்தான் தோன்றும். ஆகவே அந்தக் கட்டுரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் வர்த்தக நிர்வாகக் கல்லூரி ஒன்று உண்டு. 1960களின் துவக்கத்தில் அங்கே படித்த பில் நைட் என்பவர், சிறு தொழில் நடத்துவது பற்றிய வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எழுப்பிய கேள்வி இதுதான்: ஜெர்மன் காமிராக்களை ஜப்பான் காமிராக்கள் சந்தையிலிருந்து ஓரங்கட்டியது போல, ஜெர்மன் விளையாட்டுக் காலணிகளை ஜப்பான் காலணிகள் ஓரங்கட்ட முடியுமா? அன்று விளையாட்டுக் காலணி என்றால் ஜெர்மனியின் அடிடாஸ், பூமா. ஜப்பானில் வேலைத் திறன் இருந்தது. கூலியோ ஜெர்மனியைவிட மிகக் குறைவு. கட்டுரையின் உயிர்நாடி இந்தக் கூலி வித்தியாசத்தில்தான் இருந்தது.

1962ல் பட்டம் பெற்றதும் அவர் ஜப்பானுக்குப் போனார். கோபே நகரத்தில் ஒனிட்ஸுகா என்ற காலணிக் கம்பெனியின் படியேறினார். "எந்தக் கம்பெனியின் சார்பில் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவருக்குக் கம்பெனியே கிடையாது. அந்த இடத்திலேயே ஒரு பெயரைக் கற்பித்துச் சொன்னார். பிறகு 1964ல் தம்முடைய பழைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பௌர்மனும் தாமுமாக ஆளுக்கு 500 டாலர் போட்டு அந்தப் பெயரில் ஒரு கம்பெனியை உண்மையாகவே துவக்கினார். 1971ல் நைக் என்ற பெயர் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த அந்த வளைகோட்டுச் சின்னத்தை வரைந்து கொடுத்த மாணவிக்கு அன்று கிடைத்தது 35 டாலர்.

இதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஜப்பானில் கூலி ஏறியது. உடனே காலணி தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் நடந்தது. 1987ல் தென்கொரியத் தொழிலாளர்கள் நாடு முழுவதும் கொந்தளித்து எழுந்தார்கள், சங்கம் கண்டார்கள், கூலி உயர்ந்தது. காலணி மறுபடி நடந்தது. இந்தோனேசியா, சீனா, வியட்நாம்! 1992ல் ஓர் அமெரிக்க மாதப் பத்திரிகை இந்தோனேசியப் பெண் தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டை அப்படியே அச்சிட்டது. மணிக்குச் சுமார் 14 சென்ட். ஊரெல்லாம் நாறியது. கடைசியில் 1998 மே மாதம் பில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர் சங்கத்து மேடையில் ஏறி, தம் கம்பெனியின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைவேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று தம் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. சில சீர்திருத்தங்களையும் அறிவித்தார். இவையெல்லாம் தர்ம சிந்தையால் வந்தவை அல்ல. கூலிச் சீட்டை அச்சேற்றியவர்களும், ஆலை வாசலில் நின்றவர்களும், காலணி வாங்க மறுத்த அமெரிக்க மாணவர்களும் வரவழைத்தவை.

தைவானில் பெங் டாய் என்று ஒரு கம்பெனி. 1970களிலேயே நைக்குக்குக் காலணி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. எஜமானர் எங்கே நடக்கிறாரோ அங்கே அதுவும் நடந்தது. சீனா, வியட்நாம், இந்தோனேசியா போய், பிறகு நம் செய்யாற்றுக்கும் வந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சர்க்கார் பட்டுக் கம்பளம் விரித்தது. கலிபோர்னியாவில் வகுப்புக்கு எழுதிய கட்டுரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டில், ஐந்தாறு நாடுகளின் வழியாகப் பாலாற்றங்கரை வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த கதை இது.

இதிலே கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று உண்டு. நைக் கம்பெனி காலணித் தொழிற்சாலை வைத்து நடத்துவதில்லை. வடிவம் அதனுடையது, விளம்பரம் அதனுடையது, விலை வைப்பது அது. தைப்பது மற்றவர். எம்.பி.ஏ. வகுப்புகளில் இதை மகத்தான வியூகம் என்று பாடமாக நடத்துகிறார்கள். கட்டிடம் இல்லை, யந்திரம் இல்லை, கூலிப் பேச்சுவார்த்தை இல்லை. லாபம் மட்டும் உண்டு! கையில் அழுக்குப் படாத முதலாளி. செய்யாற்றுத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், தைவான் கம்பெனி, "நைக் தரும் விலை இவ்வளவுதான்" என்று கையை விரிக்கலாம். நைக்கிடம் கேட்டால், "அவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லவே" என்று சொல்லலாம். மேஸ்திரிக்கும் மிராசுதாருக்கும் நடுவே அலைந்த அறுப்புக் கூலிக்கு இது புரியாத வித்தை அல்ல.

ஆரம்பித்த இடத்துக்கே லாபத்தின் ஒரு பகுதி திரும்பிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006ல் பில் நைட் தாம் படித்த அந்த வர்த்தகக் கல்லூரிக்கு 105 மில்லியன் டாலர் நன்கொடை அளித்தார். 2011ல் அவர் பெயரிலேயே புதிய கட்டிடங்கள் எழுந்தன. அங்கே படிக்கிறவர்கள் அடுத்த கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கம்பெனிகளைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் புரட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவது சுலபம். ஆனால் நெசவாலைத் தோழர்கள் அதிலே படித்து அறிய வேண்டியவை நிறைய உண்டு. ஓர் உதாரணம் பாருங்கள்.

2008ல் துவங்கி, பம்பாய்க்கு வடக்கே தாராபூர், உம்பர்காவ் வட்டாரத்துத் துணி ஆலைகளில் அமெரிக்கப் பேராசிரியர்களும் உலக பாங்கு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 17 கம்பெனிகள். சில ஆலைகளுக்குச் சர்வதேச ஆலோசனைக் கம்பெனி நிபுணர்களை மாதக் கணக்கில் இலவசமாக அனுப்பி, 38 நிர்வாகப் பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற ஆலைகளை ஒப்பிடுவதற்காக அநேகமாக அப்படியே விட்டார்கள். அந்த நிபுணர்கள் உள்ளே போனபோது கண்டது என்ன? நூல் மூட்டைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. எதில் எந்த நூல் என்று எழுதி வைக்கவில்லை. கருவிகள் தரையில் சிதறிக் கிடந்தன. தறி எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்று கணக்கு இல்லை. நெய்த துணியில் விழுந்த குறைகளைச் சரிசெய்யவே ஒரு பட்டாளம் வேலை பார்த்தது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்டான்போர்டிலிருந்து ஆள் வரவேண்டுமா? எந்த மில்லிலும் எந்த ஜாபரையும் பிட்டரையும் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்களே! ஆனால் அவர்களை யார் கேட்டார்கள்? இத்தனை வருஷமும், "தொழிலாளி சோம்பேறி, அதனால் உற்பத்தி இல்லை" என்றுதான் முதலாளிமார் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு எதிரான சாட்சியம் இந்த ஆராய்ச்சியிலேயே கிடக்கிறது. அதே தொழிலாளி, அதே தறி. நிர்வாகம் கணக்கு வைக்கத் துவங்கியதும், யந்திரத்தைப் பராமரித்ததும், சரக்கை ஒழுங்காக அடுக்கியதும், முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் உயர்ந்தது. ஆலை ஒன்றுக்கு வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் டாலர் லாபம் கூடும் என்று மதிப்பிட்டார்கள். சோம்பல் எங்கே இருந்தது? தறிமேடையிலா, ஆபீஸ் அறையிலா? வேலைப்பளு ஏற்றும் பேச்சு வரும்போது நம் சங்கத்தார் எடுத்து மேஜைமேல் வைக்கவேண்டிய சான்று இது. 2013ல் பொருளாதாரப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி உலகமெல்லாம் மேற்கோள் காட்டப்படும் ஆராய்ச்சி. முதலாளிகளால் தள்ளிவிட முடியாது.

இன்னொரு வேடிக்கையும் அதில் இருக்கிறது. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாக வளரும் என்பது நிர்வாகத் திறமையைக் காட்டிலும், முதலாளி வீட்டில் எத்தனை ஆண் வாரிசுகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்ததாம்! வெளியாளை நம்பிச் சாவி கொடுக்க மனமில்லை. நவீன முதலாளித்துவம் என்று பெயர். உள்ளே போனால் கூட்டுக் குடும்பத்துப் பெட்டகம். சுமார் எட்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கற்றுக் கொடுத்த பழக்கங்களில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன என்பது பின்கதை.

சரி, உயர்ந்த அந்த 17 சதவிகிதத்தில் கூலிக்கு எவ்வளவு போயிற்று? அந்த ஆராய்ச்சியின் முகப்புச் சுருக்கத்தை எடுத்துப் பாருங்கள். உற்பத்தித் திறன் இருக்கிறது. தரம் இருக்கிறது. கையிருப்புச் சரக்கு குறைந்தது இருக்கிறது. புதிய ஆலைகள் திறந்தது இருக்கிறது. கூலி என்ற சொல் இல்லை. பொய் சொன்னார்கள் என்பதில்லை என் புகார். கணக்கெடுத்ததெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எதைக் கணக்கெடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார்களே, அங்கேதான் பக்கம் பிரிகிறது.

இதைவிடக் கூர்மையான இன்னோர் ஆராய்ச்சி உண்டு. இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்தது, 2022ல் பிரசுரமானது. கூலி உயர்வு வந்தது. தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. ஏமாற்றம். அந்தச் சமயம் பார்த்து, சிலரை மட்டும் குலுக்கல் முறையில் பொறுக்கி எடுத்து, "வேலை நிலைமை எப்படி? சூப்பர்வைசர் எப்படி? திருப்தியா?" என்று பெயர் கேட்காமல் அபிப்பிராயம் வாங்கினார்கள். கண்டது என்னவென்றால், அபிப்பிராயம் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது குறைந்தது. லீவு போடுவதும் குறைந்தது. அதிக ஏமாற்றம் அடைந்தவர்களிடம்தான் இந்தப் பலன் அதிகமாகத் தெரிந்தது. கூலி அதே கூலிதான்! வாயைத் திறந்து சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்ததிலேயே கோபம் தணிந்தது.

இந்த முடிவை நிர்வாகி படித்தால் ஒரு விதமாகவும், தொழிலாளி படித்தால் வேறு விதமாகவும் அர்த்தமாகும். "காசில்லாமல் ஆளை நிறுத்த வழி கிடைத்தது" என்று நிர்வாகி நினைக்கலாம். தொழிலாளிக்கு அது சொல்வது வேறு: தன் குரலைக் கேட்க ஆளில்லை என்பது கூலிக் குறைவைப் போலவே மனிதனை வாட்டுகிறது, ஆகவே பேசுவதற்கென்று நிரந்தர இடம், அதாவது சங்கம், வேண்டும், பொறுக்கி எடுத்த சிலருக்கு ஒரு நாள் மட்டும் நீட்டப்படும் கேள்வித்தாள் போதாது. ஆலையில் அபிப்பிராயப் படிவம் வரும்போது நிரப்புங்கள், தடையில்லை. ஆனால் நிரப்பிய படிவம் கூலி ஒப்பந்தம் ஆகாது.

இனி இந்தக் கல்லூரிகளில் வேதமாக ஓதப்படும் சித்தாந்தத்துக்கு வருவோம். 1970ல் மில்டன் பிரீட்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், கம்பெனியின் சமூகக் கடமை லாபத்தைப் பெருக்குவதே என்று நியூயார்க் பத்திரிகையில் எழுதினார். 1976ல் ஜென்சன், மெக்லிங் என்ற இருவர் அதற்குச் சாஸ்திரம் எழுதினார்கள். கம்பெனி என்பது ஒப்பந்தங்களின் முடிச்சு. மானேஜர் பங்குதாரரின் ஏஜெண்ட். ஏஜெண்ட் பிறர் பணத்தை வீணடிப்பான். அதற்குக் கடிவாளம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊர்ப் பணத்தைக் கையாளும் சில காரியதரிசிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆனால் கடிவாளம் என்று என்ன போட்டார்கள்? மானேஜரின் சம்பளத்தைப் பங்கின் விலையோடு கட்டினார்கள். 1990களில் அமெரிக்கத் தலைமை நிர்வாகிகளின் வருமானம் வானத்துக்கு ஏறியது. ஆட்குறைப்பு அறிவித்தால் பங்கு விலை ஏறும்; பங்கு விலை ஏறினால் மானேஜருக்குப் பரிசு. கடிவாளம் குதிரைக்குத் தீவனமாயிற்று!

இந்தச் சாஸ்திரத்தின் ஆணிவேரான ஒரு கருத்தைப் பாருங்கள். கூலி, வட்டி, வாடகை, வரி எல்லாம் கொடுத்தபின் மிஞ்சுவது பங்குதாரருக்கு. மிஞ்சாவிட்டால் நஷ்டமும் அவருக்கு. மிச்சத்தின் அபாயத்தைச் சுமப்பவர் அவரே, ஆகவே கம்பெனி அவருக்காகவே நடத்தப்பட வேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை நம் ஊர்க் களத்துமேட்டுக்குக் கொண்டு வருவோம். குத்தகை நிலம். நிலச் சொந்தக்காரர் இத்தனை மூட்டை என்று முன்கூட்டியே பேசிவிடுகிறார். மழை பொய்த்தாலும் புயல் அடித்தாலும் அவர் மூட்டை அவருக்கு. மிஞ்சினால் உழுதவனுக்கு, மிஞ்சாவிட்டால் கடன் உழுதவனுக்கு. அப்படியானால் அந்தச் சாஸ்திரப்படி வயலின் எஜமானன் குத்தகை விவசாயி அல்லவா? அவனுக்காக அல்லவா நிலம் நடத்தப்பட வேண்டும்? அவனை யாராவது எஜமான் என்று அழைத்ததுண்டா?

மில் மூடினால் என்ன ஆகிறது என்றும் பார்க்கலாம். 2016ல் வந்த திவால் சட்டப்படி, ஆலையை விற்றுக் கடன் தீர்க்கும்போது, தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கி பாங்குகளின் ஈட்டுக் கடனோடு சமமாக நிற்கிறது. அதற்கு முந்திய பாக்கி? வரிசையில் கீழே, கிடைத்தால் கிடைக்கும். பங்குதாரர் அதற்கும் பின்னால் நிற்கிறார் என்பது மெய்தான். ஆனால் பத்துக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் ஒன்றில் இழப்பார். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டிப் பங்கை விற்றுவிட்டுப் போவார். இருபது வருஷம் ஒரே ஸ்பின்னிங் பிரேமில் கழித்தவர் அந்த இருபது வருஷத்தை எந்தச் சந்தையில் விற்பார்? அபாயம் சுமப்பவர் யார் என்று பண்டிதர்கள் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மிச்சத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு என்பது நாமாகக் கிளப்பும் புதுச் சரக்கும் அல்ல. 1950ல் பம்பாய் மில் தொழிலாளர் போனஸ் வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு டிரிப்யூனல் ஒரு சூத்திரம் வகுத்தது. மொத்த லாபத்திலிருந்து தேய்மானம், யந்திரப் புதுப்பிப்பு, வரி, மூலதனத்துக்கு 6 சதவிகித வருமானம் எல்லாம் கழித்து, மிச்சம் இருந்தால் அதில் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதலாளிக்கு மூலதன வருமானம் ஏற்கெனவே கழித்துக் கொடுத்தாயிற்று. அதன்மேல் மிஞ்சியதில்தான் பங்கு. யந்திரத்துக்குத் தேய்மானம் கழித்தார்கள், தொழிலாளியின் நுரையீரலுக்குக் கழிக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்தச் சூத்திரத்திலிருந்து 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் பிறந்தது. 8.33 சதவிகிதக் குறைந்தபட்சமும் 20 சதவிகித உச்சவரம்பும் இன்று 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கின்றன. நீதிமன்றத்தில் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து, "இந்தத் தேய்மானம் அதிகம், இந்த ஒதுக்கீடு பொய்" என்று வாதாடிய சங்கக்காரர்களில் எத்தனை பேர் எம்.பி.ஏ.? கம்பெனி நிதி ஆராய்ச்சியை இந்த நாட்டில் தொழிலாளர்கள் பசியோடு செய்திருக்கிறார்கள்.

வேறு வகை ஆராய்ச்சிக்கும் இந்த ஜில்லாவிலேயே உதாரணம் உண்டு. ஆரணிக்குப் போங்கள். பழைய வட ஆற்காடு ஜில்லாவாக இருந்தபோது, 1973ல், பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே வந்தார். நெல் வியாபாரிகள், அரிசி ஆலைகள், பட்டு, நகைத் தொழில், கடைகண்ணி என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுதினார். அதோடு நிற்கவில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்று நாற்பது வருஷ காலம் அவரும் அவருடைய மாணவர்களும் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2016ல் அது புத்தகமாயிற்று. பெரிய கம்பெனியின் மாடியறையில் இருந்தபடி எழுதியதல்ல அது. அதில் தெரிவது என்ன? ஊர் வியாபாரத்தில் பெரும்பகுதி குடும்பக் கடைகளும் குடும்ப ஆலைகளும். பெரும்பாலான வேலைக்காரர்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் கிடையாது. யாருக்கு எந்த வேலை, என்ன கூலி என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. ஜாதி தீர்மானிக்கிறது, ஆணா பெண்ணா என்பது தீர்மானிக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடையானதும் விலை பேசும் வாயை இழந்து நிற்கிறான். ஆரணிச் சந்தைக்கு மூட்டை கொண்டு போனவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததே. ஆனால் தெரிந்ததை எண்ணி, எழுதி, தேதி போட்டு வைப்பதில் ஒரு பலம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலம் விளங்கும்.

செய்யாற்று விஷயத்தில் அப்படிப்பட்ட கணக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. சிப்காட்டை விரிவாக்க மேல்மா முதலான கிராமங்களில் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023ல் விவசாயிகள் மாதக் கணக்கில் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் தடுப்புச் சட்டத்தைப் பிரயோகித்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் சர்க்கார் பின்வாங்க நேர்ந்தது. நிலம் போனால் எத்தனை பேருக்கு வேலை வரும் என்று சர்க்கார் சொல்கிறது. நாற்று நடவும் அறுப்பும் போய் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறதா? பட்டா உள்ளவருக்காவது நஷ்ட ஈடு என்று ஒரு பேச்சு உண்டு. வரப்பு மட்டுமே தெரிந்த கூலிக்காரரின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது?

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? முதலாளிகளின் கணக்கு முழுவதும் இருட்டறையில் இல்லை. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் பதிவான ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டறிக்கையில் ஒரு விகிதத்தைச் சொல்லியாக வேண்டும். சிப்பந்திகளைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு, டைரக்டர் வாங்குவது அதைப்போல் எத்தனை மடங்கு என்பதே அது. பெரிய ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் இன்னும் விரிவான அறிக்கை தர வேண்டும். ஆண், பெண் சம்பளம், விபத்துகள் ஆகியவை அதில் வரும். பதிவாகாத கம்பெனியானாலும், சிறு கட்டணம் கட்டினால் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த கணக்கைப் பார்க்கலாம். தீபாவளிப் போனஸ் பேச்சுக்குப் போகிற தோழர்கள் இந்தக் காகிதம் இல்லாமல் போவது அரிவாள் இல்லாமல் அறுப்புக்குப் போவது போல.

ஆனால் இங்கேயும் பொறி உண்டு. அமெரிக்கச் சட்டத்தின்படி நைக் கம்பெனியும் 2018 முதல் இப்படி ஒரு விகிதம் வெளியிடுகிறது. அந்த வரிசையில் செய்யாற்றுப் பெண் நிற்பதில்லை! அவர் நைக்கின் சிப்பந்தி அல்லவாம்; அவர் தைத்த காலணி மட்டும் நைக்கினுடையதாம். எந்தெந்தத் தொழிற்சாலையில் தன் சரக்கு தயாராகிறது என்ற பட்டியலை 2005 முதல் நைக் வெளியிடுகிறது. அதுவும் கேட்டு வாங்கியதுதான். பட்டியலில் தொழிற்சாலையின் பெயர் வந்ததைப் போல விகிதத்தில் தொழிலாளியின் கூலி வரவேண்டும் என்று கேட்பதில் தவறென்ன?

திருவண்ணாமலையிலும் ஆரணியிலும் செய்யாற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அங்கே பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிறார்கள், கடன் வாங்கிப் படிக்கிறார்கள். கடைசி வருஷத்தில் "பணியாளர் மனநிறைவு" என்று ஓர் ஆய்வேடு எழுதுகிறார்கள். கம்பெனி ஆபீஸ் அனுமதித்த ஐம்பது பேரிடம், கம்பெனி ஆபீஸ் பார்த்துக் கொடுத்த கேள்விகளைக் கேட்டு, பெரும்பாலோர் திருப்தி என்று முடித்து, பைண்டு செய்து அலமாரியில் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி கேட்டுக்குள் போக வேண்டாம். விடியற்காலை நாலரை மணிக்கு உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் அக்காளும் அத்தையும்தான் நிற்பார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பி வீடு திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது, அதில் எத்தனை மணிக்குக் கூலி உண்டு என்று கேளுங்கள். ஒரு ஜோடிக்கு அவர் கை செலவிடுவது எத்தனை நிமிஷம், அந்த நிமிஷத்துக்கு விழுவது எத்தனை காசு, அந்த ஜோடி கடையில் என்ன விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன முதல் வருஷம் எத்தனை ஜோடி முடித்தார், இன்று எத்தனை முடிக்கிறார் என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் பேராசிரியரிடம் போய், இதையே ஆய்வேடாகக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.